கணினிக்கும் வியர்க்குமா?

எட்டாம் வகுப்பில் வெப்பம் பாடம். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு காணொலியைக் காட்டி முடித்ததும் கடைசி வரிசை மாணவி எழுந்தாள்.

"சார், இந்த வீடியோ எங்க இருக்கு?"

"கிளவுடில்" என்றேன்.

"மேகத்துலயா சார்?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நானே யோசித்ததில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அன்றிரவு தேடிப் படித்ததை உங்களோடு பகிர்கிறேன்.

கிளவுட் இருப்பது தரையில்தான். தரவு மையங்கள் எனப்படும் பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான சர்வர் கணினிகள் இரவு பகலாக இயங்குகின்றன. அவை எடுத்துக்கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. ஆற்றல் அழிவின்மை விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஏது? அந்த வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் கருவிகள் பழுதாகும். ஆகவே குளிர்விப்பான்கள், பம்புகள், குளிர்விப்புக் கோபுரங்கள், மின்விசிறிகள் ஓயாமல் உழைக்கின்றன. சர்வருக்குள் செல்லும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட பரிந்துரை.

சிக்கல் இங்கேதான். பம்பின் வேகத்தைக் கூட்டினால் குளிர்விப்பானின் சுமை மாறும். வெளியே ஈரப்பதம் கூடினால் கோபுரத்தின் திறன் குறையும். வீட்டு ஏ.சி.யில் உள்ள தெர்மோஸ்டாட், சூடானால் இயக்கும், குளிர்ந்தால் நிறுத்தும். முன்கூட்டிக் கணிக்க அதற்குத் தெரியாது.

கூகுள் நிறுவனம் தன் தரவு மையங்களில் டீப்மைண்ட் குழுவின் செயற்கை நுண்ணறிவை இதற்குப் பயன்படுத்தியது. உணரிகள் சேர்த்து வைத்திருந்த வெப்பநிலை, மின்சாரம், பம்பு வேகம் முதலிய பழைய பதிவுகளைக் கொண்டு நியூரல் நெட்வொர்க்குகளைப் பயிற்றுவித்தனர். குளிர்விப்புக்கான மின்சாரம் 40 விழுக்காடு வரை குறைந்ததாக 2016இல் அறிவித்தனர். அப்போது இயந்திரம் பரிந்துரைத்தது, மனிதர் செயல்படுத்தினர். கட்டுப்பாட்டையே இயந்திரத்திடம் ஒப்படைத்ததாக 2018இல் அறிவித்தனர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான உணரிகளின் அளவுகளைப் பார்த்து, அடுத்த நடவடிக்கையை அது முடிவு செய்தது. சராசரிச் சேமிப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு.

இதில் என்னைக் கவர்ந்தது அதற்குப் போட்ட கடிவாளம். தனக்கே உறுதியில்லாத முடிவுகளை அது ஒதுக்கிவிடும். மற்ற முடிவுகளும் மனிதர் வகுத்த பாதுகாப்பு வரம்புகளோடு இருமுறை சரிபார்க்கப்படும். பணியாளர் நினைத்தால் எந்த நேரமும் கட்டுப்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இன்னும் கூடுதலாகச் சேமிக்க வாய்ப்பிருந்தும், பாதுகாப்புக்காக அதன் எல்லைகளை வேண்டுமென்றே சுருக்கியிருந்தனர்.

மறுநாள் இதைச் சொன்னதும், "அப்போ நாம வீடியோ பார்த்தா அங்க சூடாகுதா சார்?" என்றாள் அவள். "ஆமாம், கொஞ்சமாவது" என்றேன்.

பிறகு ஒரு செயல்பாடு செய்தோம். ஒரு வெப்பநிலைமானி, ஒரு நோட்டு. மூன்று நாள்கள் ஒவ்வொரு பாடவேளையிலும் வகுப்பறை வெப்பநிலையைக் குறித்தோம். நான்காம் நாள் நண்பகல் வெப்பநிலையைக் காலையிலேயே கணித்துக் கரும்பலகையில் எழுதினோம். அன்று வானம் மூடிக்கொண்டது, கணிப்பு தவறியது.

"சார், வெயிலா மேகமான்னும் எழுதி வச்சிருக்கணும்" என்றாள் அதே மாணவி.

கூடுதல் உணரிகள் எதற்கு என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள், ஆசிரிய நண்பர்களே. கணிப்பு தவறும் நாளுக்காகக் காத்திருங்கள்.