வீட்டுக்குப் போன பிறகு யார் நர்சு?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. டாக்டர் டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மருந்துப் பையுடன் நோயாளி ஆட்டோவில் ஏறுகிறார். ஸ்ரீராமபுரத்திலோ, அல்சூரிலோ உள்ள வீட்டு வாசலில் ஆட்டோ போய் நிற்கிறது.

அதற்குப் பிறகு?

நெஞ்சில் தையல் போட்ட இடம் சிவந்திருந்தால், அது ஆறுகிறதா, சீழ் பிடிக்கிறதா? அதன்மேல் மஞ்சள் அரைத்துப் பூசலாமா? சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்ளலாமா? இரவு 12 மணிக்கு மூச்சு வாங்கினால், விடியும் வரை பொறுத்திருக்கலாமா? ஆஸ்பத்திரியில் மணி அடித்தால் நர்சு வருவார். வீட்டில் யாரைக் கூப்பிடுவது?

இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர் ஒரு நர்சுதான். அவர் பெயர் டோரதியா ஓரெம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1914-ம் ஆண்டு பிறந்தவர். 1971-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட புத்தகத்தில் விளக்கிய கொள்கைக்கு "சுய பராமரிப்புக் கொள்கை" என்று பெயர். 2007-ம் ஆண்டில் அவர் காலமானார். அவர் வகுத்த கொள்கை இன்றும் நம் நாட்டு நர்சிங் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

மூன்று படிகள்

ஓரெம் சொன்னது எளிய விஷயம்தான். தன்னைத் தானே கவனித்துக்கொள்வது மனிதனின் இயல்பு. சாப்பிடுவது, தூங்குவது, குளிப்பது, ஆபத்திலிருந்து விலகுவது எல்லாம் அதில் சேர்ந்தவை. நோய் வந்தால் இந்தத் தேவைகள் கூடுகின்றன. அதைச் செய்யும் சக்தியோ குறைகிறது. இரண்டுக்கும் நடுவில் விழும் பள்ளத்தை நிரப்புவதுதான் நர்சின் வேலை.

அந்த வேலையை அவர் மூன்றாகப் பிரித்தார். இருதய ஆபரேஷன் ஆனவரை எடுத்துக்கொண்டால் மூன்றும் விளங்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கத்தில் இருக்கும்போது எல்லாவற்றையும் நர்சே செய்கிறார். இது முதல் படி. வார்டுக்கு வந்த பிறகு நோயாளி தானே பல் துலக்குகிறார், தானே சாப்பிடுகிறார். காயத்துக்குக் கட்டுப் போடுவதும், எழுந்து நடக்கக் கைகொடுப்பதும் நர்சு. இது இரண்டாவது படி. மூன்றாவது படியில் நர்சு கையால் எதுவும் செய்வதில்லை. சொல்லிக் கொடுக்கிறார், தைரியம் ஊட்டுகிறார். நோயாளியும் வீட்டாரும் செய்கிறார்கள்.

சிகிச்சை வீணாகாமல் இருப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது படியில்தான் இருக்கிறது. அவசரத்தில் கைவிடப்படுவதும் இதுவே!

பொம்மசந்திராவில் தொடங்கியது

இந்த மூன்றாவது படிக்கு நம் பெங்களூரிலேயே நல்ல உதாரணம் உண்டு. ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவில் டாக்டர் தேவி ஷெட்டி 2000-ம் ஆண்டில் நிறுவிய நாராயண ஹிருதயாலயாவுக்கு, 2012-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது வராந்தாவில் காத்துக்கிடந்த உறவினர் கூட்டம். பாயும் தூக்குச்சட்டியுமாக நாள் கணக்கில் காத்திருக்கிறார்கள். உதவி செய்யத் துடிக்கிறார்கள். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இவர்களுக்கே பயிற்சி கொடுத்தால் என்ன என்ற யோசனை பிறந்தது. ஆஸ்பத்திரி நர்சுகளே ஆசிரியர்கள் ஆனார்கள். வார்டில் நோயாளிகளையும் உறவினர்களையும் உட்கார வைத்து, படங்களைக் காட்டிப் பாடம் நடத்தினார்கள். 2014-ம் ஆண்டில் இதற்காக "நூரா ஹெல்த்" என்ற அமைப்பு உருவானது. இந்தத் திட்டம் பின்னர் கர்நாடகம், பஞ்சாப், மத்திய பிரதேச அரசு ஆஸ்பத்திரிகளுக்கும், வங்காளதேசம், இந்தோனேசியா ஆகிய நாடுகளுக்கும் பரவியது.

ஓரெம் தம் கொள்கையில் குடும்பத்தாருக்கும் இடம் கொடுத்திருந்தார். தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாதவருக்காக மற்றவர் செய்யும் பராமரிப்பையும் அவர் கணக்கில் சேர்த்தார். புத்தகத்தில் இருந்த அந்த வரி, வார்டுகளில் உயிர் பெற்றது.

"நீங்க சொல்லுங்கம்மா!"

சொல்லிக் கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆகவே நல்ல நர்சு அப்படிக் கேட்பதில்லை.

"வீட்டுக்குப் போனதும் புண்ணை எப்படிப் பார்த்துக்குவீங்க? நீங்க சொல்லுங்கம்மா!" என்பார்.

"சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் தொடுவேன் சிஸ்டர். மஞ்சள், எண்ணெய் எதுவும் போட மாட்டேன்" என்று அந்த அம்மாள் சொன்னால்தான் பாடம் முடிந்தது. சொல்லத் தெரியாவிட்டால் தவறு அந்த அம்மாளுடையது அல்ல. பாடத்தை மறுபடி நடத்த வேண்டியதுதான்.

பெங்களூரில் மொழியும் ஒரு தடை. நர்சு கேரளத்துக்காரராக இருப்பார், பேசுவது கன்னடமாக இருக்கும், கேட்பவர் தமிழராக இருப்பார். "உப்பு" இரண்டு மொழியிலும் உப்புதான். "நோவு" என்றாலும் விளங்கிவிடும். ஆனால் எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பு, எது பின்பு என்பதைச் சைகையில் விளக்க முடியாது. தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லக் கூச்சப்படக் கூடாது.

தலையில் கட்டுவதா?

"ஆஸ்பத்திரி செய்ய வேண்டிய வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டுகிறார்களே" என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. கார்மெண்ட் தொழிற்சாலைக்குப் போகும் மனைவிக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும்? கண் மங்கிய தாயார் மாத்திரையின் பெயரை எப்படிப் படிப்பார்?

ஓரெம் கொள்கையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. இவரால் எது முடியும், எது முடியாது என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். முடிந்ததைத்தான் அவர் கையில் ஒப்படைக்க வேண்டும். முடியாததற்கு வழி செய்யாமல் அனுப்பினால் அது நர்சிங் ஆகாது. கை கழுவுவது ஆகும்!

கேட்டு வாங்குங்கள்

இருதய ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுபவை இவை. நெஞ்செலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். பலம் பெற இன்னும் சில வாரம் பிடிக்கும். அதுவரை தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கூடாது, ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் தள்ளி வைக்க வேண்டும். டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

காய்ச்சல் வந்தாலோ, புண்ணில் நீர் கசிந்தாலோ, இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை கூடிக் கால் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று பில்லைச் சரிபார்க்க அரை மணி நேரம் செலவிடுகிறோம். நர்சிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னொரு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆட்டோ காத்திருக்கட்டும்!