அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் போதுமா?

பாட்டு ஆப் மக்கர் பண்ணுகிறது என்று மதுரையில் என் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள், வரும்போதே ஒரு கைவைத்தியம் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். "அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டேண்ணே, அப்பவும் அப்படியேதான் இருக்கு."

இருக்கத்தான் செய்யும். ஆப்பை நீக்கும்போது பெரும்பாலும் அதன் புரோகிராம் மட்டும்தான் போகிறது. நீங்கள் மாற்றிவைத்த செட்டிங்ஸ், பாட்டுப் பட்டியல், பிளேலிஸ்ட் எல்லாம் உங்கள் யூசர் கணக்குக்குள் வேறொரு ஃபோல்டரில் பத்திரமாகக் கிடக்கும். புதிதாகப் போட்ட ஆப் முதல் வேலையாக அதைத்தான் திறந்து படிக்கும். குடி மாறினாலும் கிணற்றுத் தண்ணீர் அதேதான்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: படுத்தது ஆப்பா, சத்தமா? பாட்டு ஓடுகிறது, நிமிடக் கணக்கு நகர்கிறது, காதில்தான் ஒன்றும் விழவில்லை என்றால் ஆப்பைத் தொடாதீர்கள். யூடியூபில் ஏதாவது போட்டுப் பாருங்கள். அங்கும் ஊமை என்றால் கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ வயரில் இணைத்த டிவிக்கோ, பக்கத்து அறையில் மகள் வைத்திருக்கும் புளூடூத் ஹெட்போனுக்கோ போய்க்கொண்டிருக்கும். யூடியூபில் மட்டும் சத்தம் வருகிறது என்றால் வால்யூம் மிக்ஸரில் இந்த ஒரு ஆப்பை மட்டும் யாரோ மியூட் செய்திருக்கலாம். இப்படி வருகிறவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை.

ஆப் திறந்து, ஒரு நொடி முகத்தைக் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறதா? அதுதான் உண்மையான கேஸ். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு சார் அப்படி ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். கேசட்டில் இருந்ததையெல்லாம் ஆள் வைத்து எம்பி3 ஆக்கி, ஆயிரம் பாட்டுக்குப் பக்கமாகச் சேர்த்திருந்தார். "கடைசியா என்ன சார் செஞ்சீங்க?" என்றேன். "ஒண்ணுமே செய்யலையே தம்பி." எல்லாரும் சொல்கிற பதில்தான் இது. கொஞ்ச நேரம் கழித்து, "மச்சினன் பென்டிரைவுல இருந்து கொஞ்சம் பாட்டு ஏத்தினேன், அவ்வளவுதான்" என்றார்.

விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் ஆப்டேட்டா என்று இரண்டு பக்கமும் சதவீதக் குறியோடு அடித்தால் மறைந்திருக்கும் அந்த ஃபோல்டர் திறக்கும். உள்ளே அந்த ஆப்பின் பெயரில் ஒன்று இருந்தது. சிலவற்றுக்கு அது பக்கத்து லோக்கல் ஃபோல்டரில் இருக்கும். அதை அழிக்கக் கூடாது; பெயருக்குப் பின்னால் 'பழசு' என்று சேர்த்தால் போதும். ஆப் அதைக் காணாமல் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். வேலை செய்யாவிட்டால் பழைய பெயரையே திரும்ப வைத்துவிடலாம்.

சாருடைய ஆப் திறந்தது. பாட்டு ஃபோல்டரைக் காட்டியதும் மறுபடி மூடிக்கொண்டது. ஆக, செட்டிங்ஸ் நல்லதுதான். பாட்டுகளில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. ஒவ்வொன்றாகத் தேடினால் விடிந்துவிடும். பாதியை வேறு ஃபோல்டருக்கு மாற்றி, மீதியை மட்டும் ஆப்புக்குக் காட்ட வேண்டும். விழுந்தால் கோளாறு இந்தப் பாதியில், விழாவிட்டால் அந்தப் பாதியில். அதையும் பாதியாக்கு. ஆயிரம் பாட்டாக இருந்தாலும் பத்துத் தடவையில் ஒற்றைப் பாட்டில் வந்து நிற்கும். நின்றது, பென்டிரைவைப் பாதியில் பிடுங்கியதால் அரைகுறையாக ஏறிய ஃபைல். சிக்கியதும் சார் கேட்டார்: "அந்தப் பாட்டைக் காப்பாத்த முடியாதா தம்பி?" மச்சினனிடம்தான் கேட்க வேண்டும் என்றேன்.

சில ஆப்களில் இவ்வளவு சிரமம் தேவையில்லை. விஎல்சி திறக்கவே மறுத்தால், விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் அதன் ஃபோல்டருக்குள் செட்டிங்ஸையும் கேஷையும் ரீசெட் செய்ய ஒரு ஷார்ட்கட்டே இருக்கிறது. விண்டோஸில் ஐடியூன்ஸ் என்றால் கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்தபடி திறந்தால், வெளியிலிருந்து ஒட்டவைத்த பிளகின்கள் இல்லாமல் சேஃப் மோடில் வரும். ஷிஃப்டை மட்டும் பிடித்தால் புது லைப்ரரி வேண்டுமா என்று கேட்கும். மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்போடு 32 பிட் ஆப்கள் மொத்தமாக நின்றுபோயின. அதற்குப் பிறகு பழைய ஆப் ஓடவில்லை என்றால் நோண்டிப் பயனில்லை.

யார் மேல் சந்தேகப்படுவது என்றே தெரியாதபோது, விண்டோஸ் தேடும் இடத்தில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். எந்த நாளில் எந்த ஆப் விழுந்தது என்று சிவப்புக் குறியோடு அட்டவணை வரும். அதைத் தட்டினால், விழும்போது ஓடிக்கொண்டிருந்த ஃபைலின் பெயரும் கிடைக்கும். அது ஏதோ ஈக்வலைசர் பிளகின் பெயராக இருந்தால் அதை மட்டும் கழற்றுங்கள்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டாம். ஆப் மூடாமல் உறைந்து நிற்கிறது, அதே பாட்டுகளை வேறு இடத்துக்குக் காப்பி செய்தாலும் பாதியில் திணறுகிறது என்றால், பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது பாட்டைவிடக் கல்யாண போட்டோவும் பத்திர ஸ்கேனும்தான் முக்கியம். முதலில் அவற்றை வெளி டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டு என்னிடம் வாருங்கள்.