உலாவியும் உளவும்

காட்டாங்குளத்தூரினின்று தாம்பரம் நோக்கி மின்தொடர் வண்டியிற் செல்லும் மாணாக்கன் ஒருவன், கல்விக்கடன் பெறும் வழியைத் தன் கைப்பேசியில் தேடுகின்றான் என்க. வண்டி வண்டலூரைக் கடக்குமுன், அவன் படிக்கும் செய்தித்தளத்திற் கடன் விளம்பரங்கள் தோன்றுகின்றன. அவனது பொருண்முடையை அத்தளத்திற்கு உரைத்தவர் யாவர்? இதனைச் சிறிது ஆராய்வாம்.

வலைத்தளங்களை நமக்குத் திறந்து காட்டும் கருவி உலாவி எனப்படும். நாம் ஒரு தளத்திற்குச் செல்லுங்கால், அத்தளம் உலாவியினிடத்துக் குக்கி என்னும் சிறு குறிப்பை வைக்கும். மீண்டும் செல்லுங்கால் அக்குறிப்பால் நம்மை அறிந்துகொள்ளும். 1994 ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்து லூ மொன்டுல்லி என்பார் இதனை அமைத்தார். கடைக்காரர் தம் வாடிக்கைக்காரரை அடையாளங் காண்பதை ஒத்த இதனிற் குற்றம் யாதுமில்லை.

ஆயின், அப்பக்கத்திலேயே விளம்பர நிறுவனமொன்றும் இடம்பெற்றுத் தன் குக்கியை வைக்கின்றது. எண்ணிறந்த தளங்களில் அந்நிறுவனமே இடம்பெற்றிருத்தலின், நாம் சென்ற இடமெல்லாம் அதற்குத் தெரியவரும். கடைத்தெருவின் ஒவ்வொரு வாயிலிலும் ஒரே ஒற்றன் நிற்பதை ஒக்கும் இது. நம் பெயரை அறியாவிடினும் நம் நோயையும் வறுமையையும் அவன் அறிவான். பக்கம் திறக்கும் கணத்திற்குள் விளம்பர இடம் ஏலம் போகின்றது. நம் தேவையே விலைப்பொருளாகின்றது.

மறைப்பதற்கு ஒன்றுமில்லார் அஞ்சுவதேன் எனச் சிலர் வினவுவர். கதவடைத்து அழுபவன் கள்வனல்லன். 2017 ஆகஸ்டு 24 இல், புட்டசுவாமி வழக்கில், நம் உச்சநீதிமன்ற நீதிபதிகள் 9 பேரும் தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023 இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, 18 வயது நிரம்பாதாரைப் பின்தொடர்தலையும் அவரைக் குறிவைத்து விளம்பரஞ் செய்தலையும், சில விலக்குகளுக்குட்பட்டு, தடைசெய்கின்றது. ஏனையோர்க்குப் பெரும்பாலும் அவர்தம் இசைவே காவல். அளித்த இசைவைத் திரும்பப் பெறவும் அச்சட்டம் இடந்தருகின்றது.

ஆதலின், "ஏற்கிறேன்" என்பதைப் படியாது அழுத்துதல் தகாது. பயர்பாக்ஸ், சபாரி என்னும் உலாவிகள் பின்தொடரும் பிறர் குக்கிகளைத் தாமே தடுக்கும். குரோமிலோ அமைப்புப் பகுதியிற் சென்று நாமே தடுத்தல் வேண்டும். மறைநிலைச் சாளரம் நம் கைப்பேசியிலுள்ள சுவட்டை அழிக்குமேயன்றித் தளங்களின் கண்ணை மறைக்காது. தேர்வுக்கு அஞ்சிப் படிக்கும் இரவுகளில் ஒரு கால் நாழிகையேனும் இதற்கு ஒதுக்குமாறு மாணவத் தோழரை வேண்டுகின்றோம்.