வண்டி கைமாறும்போது

இந்தியக் குடும்பங்களின் பொருளாதார வரலாற்றை எழுத முற்படுபவர், வீட்டுக்கும் நகைக்கும் அடுத்தபடியாக மோட்டார் சைக்கிளுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஒரு காலத்தில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நடுத்தர வகுப்பினர், 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வெளிவந்தபின், குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களின் பக்கம் திரும்பத் தொடங்கினர். 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டர் அந்த விருப்பத்தை நிலைபெறச் செய்தது. நம்மில் பலர் வங்கியில் பெற்ற முதல் கடனே வண்டிக் கடன்தான். பிள்ளையைப் பள்ளியில் விட்டதும், எரிவாயு உருளையைக் கட்டிக்கொண்டு வந்ததும், நள்ளிரவில் மருத்துவரிடம் ஓடியதும் அந்த ஒரே வண்டியில்தான்.

அத்தகைய வண்டி பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்தும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எஞ்சின் எளிமையானது, உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும், தெருமுனை மெக்கானிக்குக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கத் தெரியும். ஆகவே பெரும்பாலும் மாறியிருப்பது வண்டியன்று. அதை ஓட்டுபவரின் வாழ்க்கை. பழுதான வண்டியை மாற்றுவதற்கு எவரும் தயங்குவதில்லை. நன்றாக ஓடும் வண்டியைக் கொடுத்துவிட்டு, முற்றிலும் வேறு வகையான ஒன்றை வாங்குவதே கடினமான முடிவு.

யாருக்காக இந்த வண்டி?

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் மத்திய அரசு நிறுவனத்தில் பணியாற்றியவர். கோயம்புத்தூரில் வாங்கிப் பதிவு செய்த 100 சி.சி. மோட்டார் சைக்கிளுடன் நாகபுரிக்கு மாற்றலாகிச் சென்று, அங்கேயே ஓய்வும் பெற்றார். வண்டிக்கு வயது பத்தொன்பது. ஓய்வூதியப் பணம் கைக்கு வந்தபோது, இளமையிலிருந்தே மனத்தில் இருந்த 350 சி.சி. வண்டியை வாங்கிவிடுவது என்று இருந்தார். சென்னையில் 1955 முதல் தயாராகும் புல்லட்டின் ஓசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அந்த ஆசையில் வியப்பில்லை.

ஆனால் அவர் மனைவிக்கு மூட்டுவலி. பழைய வண்டியின் பின்னிருக்கையில் ஏறுவதே அவருக்குப் பெரும்பாடு. கடைத்தெருவுக்கு நண்பர் வண்டியிலும், அம்மையார் ஆட்டோவிலுமாகத் தனித்தனியே போகத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. விற்பனையகத்துக்கு இருவரும் சேர்ந்தே சென்றனர். அம்மையார் ஒவ்வொரு வண்டியின் பின்னிருக்கையிலும் ஏறி இறங்கிப் பார்த்தார். இறுதியில் அவர்கள் வாங்கியது கியர் இல்லாத ஸ்கூட்டர். நண்பருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆயினும் மாலையில் இருவரும் மீண்டும் ஒரே வண்டியில் போகிறார்கள் என்பதே அவருக்குப் போதுமானதாக இருக்கிறது.

இதிலிருந்து எல்லோரும் ஸ்கூட்டரே வாங்க வேண்டும் என்று நான் கூற வரவில்லை. வண்டியின் வகையைத் தீர்மானிப்பது, அடுத்த பத்து ஆண்டுகளில் அதில் யார், எங்கே, எதைச் சுமந்துகொண்டு போகப்போகிறார்கள் என்பதாக இருக்கவேண்டும். கடந்துபோன இருபது ஆண்டுகளின் ஏக்கத்துக்கு அங்கே இரண்டாம் இடமே.

வகைகளும் அவற்றின் இயல்பும்

சாதாரண 100 சி.சி. மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ 110 கிலோ எடையுள்ளது. நீண்ட சாலைப் பயணத்துக்கென வடிவமைக்கப்பட்ட 350 சி.சி. குரூஸர் வண்டி 190 கிலோவை ஒட்டி இருக்கும். ஓடும்போது அந்த எடை நிதானத்தைத் தருகிறது; நின்ற இடத்தில் திருப்பவும், சரிவில் பின்னுக்குத் தள்ளவும், ஸ்டாண்டு போடவும் வேண்டியபோது அதே எடை தோளையும் இடுப்பையும் சோதிக்கிறது. குரூஸரில் கால்கள் முன்னே நீண்டிருப்பதால், பள்ளத்தில் இறங்கும்போது உடலைச் சற்றே தூக்கிக்கொள்ள இயலாது. அதிர்ச்சி நேரே முதுகுத்தண்டுக்குப் போகும். முதுகுவலி உள்ளவர் விற்பனையக வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், அரைமணி நேரமாவது மேடுபள்ளமான தெருவில் ஓட்டிப் பார்க்கவேண்டும்.

ஸ்கூட்டரின் இயல்பு வேறு. மோட்டார் சைக்கிளின் சக்கரம் பெரும்பாலும் 17 அல்லது 18 அங்குலம். ஸ்கூட்டருடையது 10 அல்லது 12 அங்குலம். சிறிய சக்கரம் குழியில் ஆழமாக இறங்கும். மழைக்காலச் சாலைகளில் இந்த வேறுபாட்டை முதல் நாளே உணரலாம். எரிபொருள் சிக்கனத்திலும் 100 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கு ஸ்கூட்டர் ஈடாகாது. அதற்குப் பதிலாகக் கால்வைக்கும் தளம், இருக்கையின் அடியில் பொருள் வைக்கும் இடம், எளிதில் ஏறி இறங்கும் வசதி ஆகியவை கிடைக்கின்றன.

மின்சார ஸ்கூட்டர் நகருக்குள் மட்டும் அன்றாடம் குறிப்பிட்ட தூரம் சென்று திரும்புவோருக்குப் பொருத்தமானது. வீட்டில் வண்டி நிறுத்துமிடத்தில் மின்இணைப்பு உண்டா என்பதே இங்கு முதற்கேள்வி. மூன்றாம் மாடியில் குடியிருந்து, வண்டியைத் தெருவில் நிறுத்துபவர் அந்தக் கேள்விக்கு விடை கண்ட பிறகே விலையைக் கேட்கவேண்டும். மின்கலத்துக்கு எத்தனை ஆண்டுகள், எத்தனை கிலோமீட்டர் வரை உத்தரவாதம் என்பதை எழுத்தில் பெறுவதும் இன்றியமையாதது.

வரி விகிதமும் வகையைப் பொறுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட திறனுடையவற்றுக்கு 40 விழுக்காடு ஆயிற்று.

கைகளின் பழக்கம்

வகை மாறும்போது ஏற்படும் ஓர் ஆபத்தைப் பற்றி விற்பனையகத்தில் எவரும் பேசுவதில்லை. மோட்டார் சைக்கிளில் இடக்கைப் பிடி கிளட்ச். பின் பிரேக் வலக்காலில். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இடக்கைப் பிடியே பின் பிரேக். இருபது ஆண்டுப் பழக்கம் உள்ளவர், திடீரென்று குறுக்கே மாடு வந்தால், கிளட்ச் என்று எண்ணி இடக்கைப் பிடியை முழுவதும் இறுக்குவார். வலக்கால் இல்லாத மிதியைத் தேடும். ஈரச் சாலையில் சக்கரம் வழுக்க அது ஒன்றே போதும்.

2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய வண்டிகளில், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். என்னும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பும், மற்றவற்றுக்கு இரு பிரேக்குகளையும் ஒருங்கே இயக்கும் அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. பழைய வண்டியில் இவை இரண்டும் இருந்திரா. இந்த அமைப்புகள் துணைசெய்யுமே தவிர, பழக்கத்தை மாற்றித் தரா. புதிய வண்டியை எடுத்த முதல் வாரத்தில், போக்குவரத்து இல்லாத அதிகாலையில், பாதுகாப்பான வெற்றிடத்தில் பலமுறை பிரேக் பிடித்துப் பழகுவது நலம். கியர் வண்டிக்கான உரிமம் உடையவர் கியர் இல்லாததையும் ஓட்டலாம். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் பெற்றவர் மோட்டார் சைக்கிளுக்கு மாறினால் புதிதாக உரிமம் பெறவேண்டும்.

பழையதற்கு என்ன விலை?

எக்ஸ்சேஞ்ச் முறையில் பழைய வண்டியின் விலையும் புதிய வண்டியின் தள்ளுபடியும் ஒரே தொகையாகச் சொல்லப்படுவது வழக்கம். இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். பழையதைக் கொடுக்காமல் வாங்கினால் புதியதன் விலை என்ன என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பழைய வண்டியைக் காட்டுங்கள். இரண்டு தொகைகளுக்கும் உள்ள வேறுபாடே உங்கள் வண்டிக்குக் கிடைக்கும் உண்மையான விலை. நேரடியாக ஒருவருக்கு விற்றால் கூடுதல் தொகை கிடைக்கலாம். அதற்கு ஈடாக, வாங்குபவரைத் தேடுவதும் ஆவண வேலையும் உங்கள் பொறுப்பாகும்.

தனியார் பயன்பாட்டு வண்டியின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். ஓட்டத்தக்க நிலையில் இல்லாத வண்டியைப் பதிவுபெற்ற அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புதிய வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் விலக்கு உண்டு. சாலை வரியில் 25 விழுக்காடு வரை மாநிலங்கள் சலுகை அளிக்கவும் மத்திய விதிகள் இடமளிக்கின்றன.

பெயரையும் மீட்டுக்கொள்ளுங்கள்

சாவியைக் கொடுத்துவிட்டால் வண்டி போய்விட்டது என்று பலர் எண்ணுகின்றனர். சட்டத்தின் பார்வை வேறு. பல கைகள் மாறிச் சென்ற ஒரு வாகனம் விபத்துக்குக் காரணமான வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போதோ விற்ற வண்டிக்காக ஓய்வூதியத்திலிருந்து இழப்பீடு கட்ட நேர்ந்தால், கிடைத்த எக்ஸ்சேஞ்ச் தொகை எம்மட்டு?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50-ஆம் பிரிவின்படி, விற்றவர் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். படிவம் 29 விற்பனை அறிவிப்பு. படிவம் 30 பெயர் மாற்ற விண்ணப்பம். வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுத் தருவதைத் தவிருங்கள். நாள், நேரம், பெறுபவரின் பெயர், முகவரி குறித்த ஒப்புகைச் சீட்டு ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள்.

இடைத்தரகரிடம் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் பொறுப்பு யாருடையது என்னும் சிக்கலைத் தீர்க்க, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பதிவு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற முகவரிடம் வண்டியை ஒப்படைத்த செய்தியை இணையவழியே தெரிவித்துவிட்டால், அதுமுதல் அந்த முகவரே உரிமையாளராகக் கருதப்படுவார். எனவே விலை பேசுமுன், “உங்களுக்கு அந்த அங்கீகாரம் உண்டா?” என்று கேட்பது பயனுடையது.

நாகபுரி நண்பருக்கு நேர்ந்தது வேறொரு தடை. வண்டிக் கடனை அவர் எப்போதோ முழுவதும் அடைத்துவிட்டார். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் நீக்கப்படாமலே இருந்தது. கடன் அடைந்ததும் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, பதிவு அலுவலகத்தில் அந்தக் குறிப்பை நீக்கியாக வேண்டும். அத்துடன், வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும் என்பதும், அதற்கு முதற்பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, தேவை என்பதும் விதி. இரண்டு வேலைகளுமாக நண்பருக்குச் சில மாதங்கள் ஆயின. அடிக்கடி மாற்றலாகும் பொதுத்துறை ஊழியர்கள் புதிய வண்டிக்கு, 2021-இல் அறிமுகமான பி.எச். வரிசைப் பதிவெண்ணைக் கேட்டுப் பெறலாம்; மாநிலம் மாறினாலும் அதை மாற்ற வேண்டியதில்லை.

காப்பீட்டிலும் உங்களுக்குரியது ஒன்று உண்டு. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான ஊக்கச் சலுகை வண்டிக்கு உரியதன்று. காப்பீடு எடுத்தவருக்கு உரியது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கோராதவருக்கு, சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியத்தில் 50 விழுக்காடு வரை அது குறையும். பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று பெற்றுப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மீதித் தொகைக்குக் கடன்

எக்ஸ்சேஞ்ச் தொகை போக 80,000 ரூபாய் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறையும் நிலுவையின்மேல் 11 விழுக்காடு வட்டியில் மூன்று ஆண்டுக் கடன் என்றால், மாதத் தவணை ஏறத்தாழ 2,620 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 14,300 ரூபாய். அதையே இரண்டு ஆண்டுகளில் அடைத்தால் தவணை 3,730 ரூபாய் ஆகும். வட்டி 9,500 ரூபாயாகக் குறையும்.

“அதே 11 விழுக்காடு” என்று சொல்லி, முழுத் தொகைக்கும் மூன்று ஆண்டுகளுக்கும் நிலையான வட்டி கணக்கிடப்பட்டால், வட்டி 26,400 ரூபாய். குறையும் நிலுவைக் கணக்கில் அது ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குச் சமம். விற்பனையக மேசையில் விகிதத்தைக் கேட்பதோடு நிற்காமல், முடிவில் மொத்தம் எவ்வளவு செலுத்தியிருப்போம் என்பதைக் கேளுங்கள்.

வண்டியை ஒப்படைக்கும் முன்பாக நிலுவை அபராதம் ஏதும் உண்டா என்று இணையத்தில் பாருங்கள். இருக்கைக்கு அடியிலும் பக்கவாட்டுப் பெட்டியிலும் உள்ள காகிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அழைத்து, பழைய வண்டியோடு ஒரு நிழற்படமும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் கழித்து, பழைய பதிவெண்ணை வாகனப் பதிவுத் தளத்தில் இட்டுப் பாருங்கள். அதில் வேறொருவர் பெயர் வந்திருந்தால், விற்பனை அன்றுதான் நிறைவுற்றது.