ரோலும் கார்டும்

35 மி.மீ. பிலிம் ரோல் ஒன்றில் 36 படங்கள் எடுக்கலாம். கொஞ்சம் பார்த்துச் சுற்றினால் இன்னும் ஒன்றிரண்டு தேறும். டிஜிட்டல் கேமராவின் 64 ஜி.பி. மெமரி கார்டில் ஆயிரக்கணக்கில் அடங்கும். தினப்படிப் படங்களுக்கு எந்தக் கேமரா என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தக் கணக்கிலேயே கிடைத்துவிடும். மீதி விடை, உள்ளே ஒளி விழுந்ததும் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது.

பிலிமில் இருப்பது ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்புத் துகள்கள். ஒளி பட்டதும் அவை மாறிவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. மருந்தில் கழுவினால்தான் படம் வெளியே வரும். கலர் நெகட்டிவைக் கழுவும் சி-41 முறையில் டெவலப்பர் ஏறத்தாழ 38 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும், நேரம் 3 நிமிடம் 15 விநாடி. சூடு கொஞ்சம் தப்பினாலும் நிறம் சாயும்.

டிஜிட்டலில் அந்த இடத்தில் சிலிக்கான் சென்சார். அதன் ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்தின் அளவை மட்டுமே அளக்கும், நிறம் அறியாது. அதனால் புள்ளிகளின்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள். அவற்றில் பாதி பச்சை. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. முதல் டிஜிட்டல் கேமராவும் கோடாக்கில்தான் பிறந்தது. 1975-ல் ஸ்டீவன் சாஸன் செய்த அந்தக் கருவி, 100-க்கு 100 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. பிலிம் விற்றே வளர்ந்த அதே கோடாக், 2012-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றப் படியேறியது.

உச்சி வெயிலில் ஒருவர் வெள்ளை வேட்டியோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிஜிட்டலில் வெளிச்சம் மிஞ்சினால் வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். மடிப்புகளை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கலர் நெகட்டிவ் அந்த மிகையைப் பெரிதும் தாங்கும். அவரே திண்ணை நிழலுக்குள் போனால் கதை மாறும். ஒளி போதாத பிலிம் கலங்கிய சேறாக வரும், டிஜிட்டல் படத்தையோ பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். ஆகவே நெகட்டிவுக்கு நிழலைப் பார்த்து ஒளி அளப்பதும், டிஜிட்டலுக்கு வெளிச்சத்தைப் பார்த்து அளப்பதும் வழக்கம். ஸ்லைடு பிலிம் மட்டும் இதில் டிஜிட்டல் கட்சி.

பிலிமுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. காலையில் ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்திறன் 100 உள்ள ரோலை மாட்டிவிட்டால், மாலையில் கோயில் மண்டபத்துக்குள் நுழையும்போதும் அதே 100-தான். டிஜிட்டலில் படத்துக்குப் படம் மாற்றலாம்.

செலவு வேறுவிதமாக விழுகிறது. டிஜிட்டலில் கேமரா வாங்கும்போதே பெரும்பணம் போய்விடும்; பிலிமில் பழைய கேமரா மலிவு, ஆனால் ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் என்று ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. அது மூடிய பிறகு இங்கே விற்பவை பெரும்பாலும் இறக்குமதி ரோல்கள். ஓடியாடும் குழந்தை, வீட்டு விசேஷம் என்றால் டிஜிட்டலே சரி. கைபேசியே போதும் என்பவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு படத்துக்காகக் காத்திருப்பதில் சுகம் காண்பவருக்குப் பிலிம். அவரும் கடைசியில் ஸ்கேன் செய்து கைபேசியில்தான் பார்க்கிறார் என்பது வேறு விஷயம்.

பழைய பிலிம் கேமரா வாங்குபவர் பின்கதவைத் திறந்து, ஒளி புகாமல் அடைக்கும் பஞ்சை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிசுபிசுத்தால் அதை மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் படத்தின் குறுக்கே ஒளிக்கீற்று விழும். லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்தால் பூஞ்சை வலைபோலத் தெரியும். நெகட்டிவையும் ஈரம் விடாது. உலர்ந்த டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். டிஜிட்டல் படங்களுக்குப் பூஞ்சை பயமில்லை, ஆனால் ஒரே ஹார்டு டிஸ்க்கை நம்பாமல் இரண்டு இடத்தில் பிரதி வேண்டும்.