மார்ஃபின் மாத்திரை வீட்டுக்கு வந்தால்

புற்றுநோய் வலிக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதிக் கொடுத்ததும் வீட்டில் இரண்டு பயம் கிளம்பும். "இனி அவ்வளவுதானா?" என்பது ஒன்று, "அடிமையாகிவிடுவாரோ?" என்பது மற்றொன்று. மாத்திரை டப்பாவில் கிடக்க, நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். இந்த வேதனை துளியும் தேவையில்லை. நோய் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் வலியின் கடுமையைப் பார்த்துத்தான் மார்ஃபின் தருகிறார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டே நடமாடுகிறவர்கள் உண்டு.

முக்கியமானது நேரம். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வரட்டும், பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால், ஏறிவிட்ட வலியை இறக்குவது பெரும்பாடு. அதனால் சொன்ன நேரத்துக்கு, வலி இல்லாவிட்டாலும் கொடுங்கள். தலைமாட்டில் ஒரு நோட்டு இருக்கட்டும்: மணி, மாத்திரை, கொடுத்தவர் பெயர். மருமகள் 10 மணிக்குக் கொடுத்தது தெரியாமல் மகன் பத்தரைக்கு மறுபடி கொடுப்பது சகஜமாக நடக்கிறது. இடையில் வலி குத்தினால் கொடுக்கச் சொன்ன கூடுதல் மாத்திரையையும் அதில் குறியுங்கள். அதைப் பார்த்துத்தான் மருத்துவர் அடுத்த அளவை முடிவு செய்வார். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

12 மணி நேரம் மெதுவாகக் கரையும் மாத்திரையும் உண்டு. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. உடைத்தால், நாள் பாதிக்கான மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். மலச்சிக்கல் அப்படி அடங்காது. வாழைப்பழமும் வெந்நீரும் மட்டும் இதற்குப் போதாது. மார்ஃபின் எழுதிய சீட்டில் மலமிளக்கியும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். மலம் இறுகி வயிறு உப்பிய அவதியில், வலியே தேவலை என்று மார்ஃபினை நிறுத்துகிறவர்கள் நிறைய.

உண்மையான ஆபத்து வேறு மருந்துகளோடு சேரும்போது வருகிறது. மூச்சை இயக்கும் மூளைப் பகுதியை மார்ஃபின் மந்தமாக்கும். மதுவும், அல்பிரசோலம், டயசிபம் போன்ற மாத்திரைகளும் அதே வேலையைச் செய்பவை. பழைய தூக்க மாத்திரை எதையாவது சாப்பிடுகிறார் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்தின் கழிவு உடலில் தேங்கும், அதையும் சொல்ல வேண்டும். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு வெகு மெதுவாக விட்டுவிட்டு வருகிறது, கண்மணி குண்டூசித் தலை போலச் சுருங்கியிருக்கிறது என்றால் 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மார்ஃபினின் இந்த விளைவை முறிக்க நலோக்சோன் என்ற ஊசி இருக்கிறது.

அடிமைத்தனம் பற்றி. சில வாரம் சாப்பிட்டால் உடம்பு மருந்துக்குப் பழகும். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு வரும். படிப்படியாகக் குறைத்தால் இதைத் தவிர்க்கலாம். போதைக்காகத் தேடி அலைவது வேறு கதை. வலிக்காக, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவர்களிடம் அது அரிது. முன்பு போதைப் பழக்கம் இருந்தவர் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடிமையாகிவிடுவார்களோ என்ற இந்தப் பயம் சட்டத்துக்குள்ளும் புகுந்தது. 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கேட்ட உரிமங்களுக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டன. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு அபினி விளைந்து ஏற்றுமதியாகிக்கொண்டிருக்க, நம் நோயாளிகள் துடித்தார்கள். கேரளத்தின் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் போன்றோர் விடாமல் போராடியதன் பலனாக 2014-ல் அந்த உரிமக் கெடுபிடியைத் தளர்த்திச் சட்டம் திருத்தப்பட்டது. அப்படிக் கிடைத்த மருந்து அலமாரியில் வீணாகக் கிடக்கலாமா?

மாத்திரையைப் பூட்டி வையுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. மீந்தால், தந்த மருத்துவமனையிடமே திருப்பிக் கொடுங்கள். மூட்டுவலி என்று வரும் உறவினருக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். நோயாளிக்குப் பழகிய அளவு, பழகாத உடம்பில் மூச்சையே நிறுத்திவிடக்கூடும்.