பெர்மனென்ட்டா?

ஓட்டேரியில் நாங்கள் குடியிருந்த சந்தில் கடிகாரம் இருந்த வீடுகள் மூன்றோ நான்கோதான். மில் சங்கு இருக்கும்போது கடிகாரம் எதற்கு? முதல் சங்குக்கு அடுப்பு பற்றும், அடுத்த சங்குக்குள் பெரியப்பா சைக்கிளை வெளியே எடுத்திருப்பார். பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக் என்று முழுப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பி அண்ட் சி, இல்லாவிட்டால் வெறும் மில்லு. எதிரே போலீஸ்காரர் வந்தால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள். இவர் காக்கிச் சட்டையை உற்றுப் பார்த்து, "நம்ம தறியில ஓடின துணிடா" என்பார்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அந்தக் காலத்தில் கேட்ட கேள்வி இரண்டுதான். பையன் எங்கே வேலை? பெர்மனென்ட்டா? முதல் கேள்விக்கு ஒரு சொல் போதும். ஐ.சி.எஃப்., சிம்சன், லேலண்டு, என்ஃபீல்டு, டன்லப். ஊரின் வரைபடமே அந்தப் பெயர்களால் ஆனது. எண்ணூர் என்றால் லேலண்டு, திருவொற்றியூர் என்றால் என்ஃபீல்டு, அம்பத்தூர் என்றால் டன்லப்பும் டி.ஐ. சைக்கிளும். இரண்டாம் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்துவிட்டால் காபி டம்ளரோடு தட்டில் பஜ்ஜியும் கூடும்.

அன்று எல்லாம் பொன்னாக இருந்தது என்று எழுத உட்காரவில்லை. அந்த 'பெர்மனென்ட்' யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த மில் ஆட்களை வைத்துத்தான். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூடவே நின்றார். மில் பக்கத்துப் பட்டாளம் பகுதியில் கூடியவர்கள் ஆகாயத்தைக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை, கொஞ்சம் கூட்டுங்கள் என்றார்கள். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டு, புளியந்தோப்பில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் வரை போனது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் கடற்கரையில் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோதும் இந்த மில் ஆட்களில் பலர் பதிலிதான். பதிலி என்றால் காலையில் கேட்டில் நிற்பது. யாராவது வராமல் போனால் அவர் இடத்துக்கு உள்ளே போவது. எல்லாரும் வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்புவது. பெரியப்பாவும் சில வருஷம் பதிலியாக நின்றவர்தான். பெயர் பதிவேட்டில் ஏறிய நாளை அவர் தன் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்.

அந்தப் பதிவேட்டுக்கு வெளியே ஒரு பெருங்கூட்டம் இருந்தது. நானும் அதில் ஒருவன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். வெயிலில் அரை நாள் வரிசை. கையில் கிடைத்தது பழுப்பேறிய ஓர் அட்டை. மேலே பதிவு எண், கீழே புதுப்பித்ததற்கு முத்திரை குத்தக் கட்டங்கள். மூன்று ஆண்டுக்கொரு முறை மறக்காமல் போய் முத்திரை வாங்க வேண்டும். ஒரு முறை தவறினால் சீனியாரிட்டி போச்சு. நடுவில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர், சுருக்கெழுத்து. எல்லார் வீட்டிலும் இதே பாடத்திட்டம்தான். எனக்கு அழைப்புக் கடிதம் வந்தபோது நான் அச்சகம் ஒன்றில் ப்ரூப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. கடிதத்தை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். எழுபது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள், இடம் இரண்டு. அவ்வளவுதான் அந்தக் கதை.

அன்றைய வேலையின்மைக்கு ஓர் உருவம் இருந்தது. தெருமுனை டீக்கடையிலும், நூலகத்தின் பேப்பர் மேசையிலும், மாலையில் மதிற்சுவர் மேலும் அது உட்கார்ந்திருக்கும். யார் வேலையில்லாதவர் என்று தெருவுக்கே தெரியும்.

1996இல் மில் மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. அதே 1996இல் ஹூண்டாய் இந்த ஊரில் கால் வைத்தது; இரண்டே ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார் வெளியே வந்துவிட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு. 2000இல் தரமணியில் டைடல் பார்க். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. வேலை வடசென்னையை விட்டுக் கிளம்பித் தென்மேற்கே நடந்து போய்விட்டது. சென்னைப் பெருநகரப் பகுதி என்று அரசு வரைந்திருந்த 1,189 சதுர கிலோமீட்டர் வட்டத்தை 2022இல் 5,904 ஆக விரித்தபோது, கம்பெனி பஸ்கள் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தன.

கம்பெனிகள் வந்தது உண்மை. வேலை வந்ததும் உண்மை. ஆனால் வந்தவை சங்கு ஊதும் மில்லைப்போல நூறாண்டு நிற்க வரவில்லை. நோக்கியா எட்டு ஆண்டு ஓடி 2014 நவம்பரில் நின்றது. ஃபோர்டு 2021இல் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. கம்பெனியே பெர்மனென்ட் இல்லாதபோது ஆள் எப்படி பெர்மனென்ட் ஆவது?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் போட்டார்கள். தொழில் நிறுவனத்தில் ஒரு தொழிலாளி 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் அவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். பதிலிகளின் வயிற்றெரிச்சலைக் கேட்டுப் போட்ட சட்டம் என்றே நான் எடுத்துக்கொள்வேன். இன்று இந்த 480 என்ற எண்ணைத் தொழிலாளியைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர் ஹெச்.ஆர். அதிகாரி. அப்ரண்டிஸ், ட்ரெயினி, காண்ட்ராக்ட், ஃபிக்ஸட் டெர்ம் என்று விதவிதமான பெயரில் ஆள் எடுப்பார்கள். பயில்பவர் என்று தாளில் இருந்தால் அவர் தொழிலாளி ஆகமாட்டார். காண்ட்ராக்டர் வழியாக வந்தால் கம்பெனியின் ஆள் ஆகமாட்டார். லைனில் நின்று செய்வது ஒரே வேலை, போட்டிருக்கும் சட்டையின் நிறம் மட்டும் வேறு. நீலச் சட்டை, சாம்பல் சட்டை என்று பார்த்தே யார் சம்பளம் எவ்வளவு என்று கேன்டீன்காரர் சொல்லிவிடுவார்.

போன ஆடியில் ஒரு காலை பூந்தமல்லி பக்கம் டீக்கடையில் நின்றிருந்தேன். மணி ஐந்துகூட ஆகவில்லை. வரிசையாகக் கம்பெனி பஸ்கள், உள்ளே விளக்கு அணைந்திருக்கிறது. கழுத்தில் டேக்கோடு பெண்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறார்கள். இப்படி எத்தனை ஆயிரம் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்பதை ஊகிக்க ஒரு கணக்கு உண்டு: 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் திறந்த ஒரே குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் தமிழ்நாட்டில்தான். பெரியப்பா காலத்தில் எங்கள் சந்துப் பெண்கள் அப்பளம் இட்டார்கள், பீடி சுற்றினார்கள். எந்தக் கணக்கிலும் வரவில்லை. இந்த மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தன் சம்பளத்தில் தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் நாற்காலி வேறு.

பஸ் தவறிவிட்டு டீக்கடையில் நின்ற ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். செய்யாறு பக்கம். டிப்ளமோ படித்திருக்கிறாள்.

"இது மூணாவது கம்பெனி அங்கிள். ரெண்டு வருஷம் ஆகறதுக்கு முன்னாடியே முடிச்சு அனுப்பிடறாங்க. அப்புறம் வேற கம்பெனி, மறுபடி ட்ரெயினி."

"கைக்கு எவ்வளவும்மா வருது?"

"பிடிச்சது போக பதினாலு சொச்சம். ஓ.டி. இருந்தா கொஞ்சம் கூட."

"சம்பளச் சீட்டு குடுக்கறாங்களா?"

"ஃபோன்லதான் வரும். போன தடவை ஃபோன் உடைஞ்சப்போ எல்லாம் போயிடுச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மூன்று கம்பெனியில் மூன்று முறை 'புதிதாக' வேலை கற்றுக்கொண்டவள். அவளை வேலையில்லாதவள் என்று எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது.

பெரியப்பாவின் சம்பளச் சீட்டு ஒரு தனி இலக்கியம். பேசிக், பஞ்சப்படி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., சொசைட்டி கடன். பஞ்சப்படி சென்னை நகர விலைவாசிப் புள்ளியோடு ஏறும்; அரிசி விலை ஏறினால் திட்டிக்கொண்டே புள்ளியைக் கணக்குப் போடுவார். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை 'பன்னெண்டு மூணு' போடுவார்கள். தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் கையெழுத்தாகும் ஊதிய ஒப்பந்தத்துக்கு, சட்டப் பிரிவின் எண்ணே பெயராகிவிட்டது. தீபாவளி நெருங்கினால் கேட் மீட்டிங், போனஸ் 8.33 சதவீதமா, இருபதா என்பதில் தி. நகர் ஜவுளி வியாபாரமே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்றபடியே துணி எடுத்துப் போட்டவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்று சட்டம் வந்தது 2021இல்தான். நிரந்தர வேலையின் அந்தப் பொற்காலம் கடைப் பையனை எட்டிப் பார்க்கவேயில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஐ.டி.க்காரர்களை இதில் சேர்ப்பதா என்று கேட்பார்கள். சேர்க்கத்தான் வேண்டும். பெரிய கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பொறியாளருக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்பது பத்துப் பதினைந்து வருஷமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. துரைப்பாக்கம் வாடகை அப்படி உட்கார்ந்திருக்கவில்லை. வேலை தராமல் பெஞ்சில் வைத்திருப்பதும், பிறகு 'நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள்' என்பதும், நல்ல ஏ.சி.யில் நடக்கும் பதிலி முறைதான். தோளில் சாப்பாட்டுப் பையோடு சிக்னலில் நிற்கும் பையனுக்கோ கேட்டே கிடையாது. ஆப் திறந்தால் வேலை, மூடினால் இல்லை. 2023 டிசம்பரில் அவர்களுக்கென்று அரசு ஒரு நலவாரியம் அமைத்தது. கட்டட வேலைக்கும் ஹோட்டலுக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சென்ட்ரலில் வந்து இறங்குபவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இரண்டு வரியில் அடக்கினால் அது பாவம்.

வேலைவாய்ப்பு அலுவலகம் இன்னும் இருக்கிறது. வரிசை இல்லை, பதிவும் புதுப்பிப்பும் இணையத்தில். காத்திருக்கும் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை, அதுவும் மூன்று ஆண்டுக்கு. டீச் செலவுக்கே கணக்குச் சரியாகிவிடும்.

2024 செப்டம்பரில் தொடங்கி சாம்சங் ஆலையில் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமும் கேட்டார்கள், ஆனால் முதன்மையாகக் கேட்டது, எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதை. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். பட்டாளத்தில் மில் ஆட்கள் சங்கமாகக் கூடி நூறாண்டுக்கு மேலாகிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான்: அன்று இந்த ஊரில் வேலை கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் நிற்கும். இன்று கிடைக்கிறது, நிற்பதில்லை. அன்று வேலையில்லாதவன் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் காத்திருந்தான். இன்று அவன் பஸ்ஸில் ஏறி ஷிப்டுக்குப் போய்க்கொண்டே காத்திருக்கிறான்.

பெரியப்பா போன பிறகு அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ஒரு பிஸ்கட் டப்பாவில், சணலில் கட்டி, முப்பது வருஷத்துச் சம்பளச் சீட்டுகள். அன்று எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

செய்யாற்றுப் பெண் இதைப் படிக்கமாட்டாள். அவளைத் தெரிந்த யாராவது படிக்கலாம். தகராறு என்று வந்தால், 480 நாள் வேலை பார்த்தேன் என்று காட்ட வேண்டிய பாடு தொழிலாளிக்குத்தான். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில், ஃபிக்ஸட் டெர்மில் ஒரு வருஷம் முடித்தவருக்கே கிராஜுவிட்டி உண்டு. முன்பு ஐந்து வருஷம். அதைக் கேட்கவும் கையில் தாள் வேண்டும். ஆகவே உங்கள் வீட்டில் யாராவது அந்த பஸ்ஸில் போகிறார்கள் என்றால், மாதாமாதம் ஃபோனில் வரும் சீட்டைத் தெருமுனைக் கடையில் பிரின்ட் எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.